தொட்டியக்காவின் சிவப்புத் துணி

முதலில் என் எழுத்துக்காகப் பொறுத்துக்கொள்ளுங்கள். நான் படித்தது ஐந்தாம் வகுப்பு. அதற்குப் பிறகு பலகையில் பென்சிலால் அளவு குறித்ததைத் தவிர பெரிதாக எதுவும் எழுதியதில்லை. என் எழுத்து லாரியிலிருந்து கொட்டிய விறகு மாதிரி ஒன்றின்மேல் ஒன்று சாய்ந்து கிடக்கும். பிழைகளும் இருக்கும். மகள் திருத்தித் தருவதாகச் சொல்லியிருக்கிறாள். அவள் திருத்திய பிறகும் மிச்சமிருந்தால் அது என் குற்றம்தான், அவள் குற்றமில்லை.

ஒரு அக்காவைப் பற்றி எழுத வேண்டும் என்று ரொம்ப நாளாக நினைத்திருந்தேன். அவர் பெயரை எழுதவில்லை. எழுதினால், "என்னையக் கேட்டுட்டா எழுதுன?" என்று கொடைரோட்டிலிருந்து பஸ் ஏறி வந்து சண்டை போடுவார். பட்டறையில் நாங்களும் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. மருந்துத் தொட்டி அவர் பொறுப்பு. அதனால் தொட்டியக்கா.

திண்டுக்கல்லில் நத்தம் போகிற ரோட்டில் இருக்கிறது எங்கள் பட்டறை. கட்டிலும் அலமாரியும் செய்கிறோம். நாகர்கோவில் பக்கத்திலிருந்து ரப்பர் மரப் பலகை வரும். ரப்பர் மரம் என்றால் வண்டுக்குச் சர்க்கரை. மருந்து ஏற்றாமல் கட்டில் செய்தால் ஆறே மாதத்தில் காலடியில் மாவு கொட்டும். அதனால் ஒரு வெள்ளைத் தூளை வெந்நீரில் கரைத்துத் தொட்டியில் ஊற்றி, பலகையை முக்கி ஊறவைத்து எடுத்து, நிழலில் காயப்போடுவோம். அப்படி அடுக்குகிற வேலை என்னுடையது. தூளின் பெயர் போரேட் என்று முதலாளி சொல்வார். எங்களுக்கு அது வெள்ளை மருந்து.

உள்ளங்கையில் வைத்தால் தூள் உப்பா, கோல மாவா என்று சொல்ல முடியாது. வாடையே கிடையாது. அதற்கு முன்பு பட்டறையில் அடித்த கரையான் மருந்து தெருமுனை வரைக்கும் நாறும். டப்பாவைத் திறந்தாலே எல்லோரும் ஒதுங்கிப் போவோம். வெள்ளை மருந்து வந்த பிறகு யாரும் ஒதுங்கவில்லை. மூட்டைமேல் உட்கார்ந்து டீ குடித்தவர்களும் உண்டு. அதைப் பார்த்துப் பயந்தது தொட்டியக்கா ஒருவர்தான்.

"நாத்தம் அடிக்கிற மருந்து நல்ல மருந்து தம்பி. வந்துட்டேன்னு சத்தம் குடுத்துட்டு வரும். இது கமுக்கமா வர்ற சாதி" என்பார்.

அவருக்குச் சொந்த ஊர் சின்னாளப்பட்டி. கல்யாணத்துக்கு முன்பு சுங்குடிச் சேலைக்குச் சாயம் போடுகிற இடத்தில் வேலை பார்த்தவர். அங்கே யார் எதைத் தொட்டார்கள் என்று கையைப் பார்த்தாலே தெரிந்துவிடுமாம். மஞ்சள் தொட்டவன் கை மஞ்சள், கருநீலம் தொட்டவள் கை கருநீலம். "அங்க ஒருத்தரும் கை கழுவாம சோத்துல கை வைக்க முடியாது. சாயமே காட்டிக் குடுத்துரும். இந்தப் பாவி மருந்துக்கு ஒரு கலரு இல்லையே" என்று அங்கலாய்ப்பார்.

அந்தக் கலரை அவரே கொடுத்தார். பழைய சிவப்புச் சுங்குடிச் சேலையொன்றை இரண்டு விரல் அகலத்துக்குக் கிழித்து, மருந்து பட்ட சாமானில் எல்லாம் கட்டிவிட்டார். மக்கு, வாளி, கலக்குகிற கம்பு, பிரஷ், கையுறை மாட்டுகிற ஆணி, எல்லாவற்றிலும் வெள்ளைப் புள்ளி போட்ட சிவப்புத் துணி தொங்கும். மூட்டையில் இங்கிலீஷில் எழுதியிருப்பது எங்களில் பாதிப் பேருக்குத் தெரியாது. சிவப்புத் துணி எல்லோருக்கும் தெரிந்தது.

புதிதாக வேலைக்கு வந்த ஒருவர் கேட்டார், "என்னக்கா, மாரியாத்தாளுக்கு நேந்துக்கிட்டு முடிஞ்சதா?"

"ஆமாப்பா, ஒன் வயித்துக்கு நேந்துக்கிட்டது. அந்த மக்குல தண்ணி மோந்து குடி. நேத்திக்கடன் தன்னால முடிஞ்சிரும்."

கை கழுவுவதற்கும் அவரிடம் ஒரு கணக்கு இருந்தது. சோப்புப் போட்டு, "அருள் நிறைந்த மரியே" ஜெபத்தை ஒரு தடவை முழுசாகச் சொல்லி முடிக்கிறவரை தேய்க்க வேண்டும். பக்கத்தில் நின்று அவரே சத்தமாகச் சொல்வார். அவர் வேதக்காரர், அதாவது கிறிஸ்தவர். நாங்கள் இந்துக்கள், இரண்டு பேர் முஸ்லிம்கள். எல்லோருக்கும் அதே கணக்குத்தான்.

"என்னக்கா, எங்களையெல்லாம் வேதத்துல சேத்துரலாம்னு பாக்குறியா?" என்று இழைப்பு மெஷின் ஓட்டுகிற மெஷின்காரர் ஒருநாள் சீண்டினார்.

"ஒன்னையச் சேத்தா மாதாவுக்குல்ல கெட்ட பேரு. நல்லாத் தேய்யா."

ஒரு தடவை மூட்டையைப் பிரிக்கும்போது காற்றடித்து என் கண்ணில் தூள் விழுந்துவிட்டது. அக்கா என் பிடரியைப் பிடித்துக் குழாயடிக்கு இழுத்துப் போய்த் தலையைத் தண்ணீருக்கு அடியில் அமுக்கினார். அன்றைக்கு ஒரு ஜெபம் இல்லை, முழு ஜெபமாலை. "கண்ணத் தொற. தேய்க்காத. தொறன்னா தொற" என்று இடையிடையே அதட்டல் வேறு. சட்டை நனைந்து, காதுக்குள் தண்ணீர் போய், நான் திமிறப் பார்த்தேன். ஐம்பத்து மூன்றாவது மரியே வரைக்கும் அவர் விடவில்லை. பிறகு கண் டாக்டர் பார்த்துவிட்டு, நன்றாகக் கழுவியதால் எரிச்சலோடு போயிற்று என்றார்.

இவ்வளவு செய்தும் எனக்கு அவரைப் பிடிக்காது. உள்ளதைச் சொல்கிறேன். நான் கூச்ச சுபாவம் உள்ளவன். நாலு பேர் முன்னால் என் பெயரைச் சொன்னாலே காது சூடாகிவிடும். அவர் எதையும் நாலு பேர் முன்னால்தான் சொல்வார்.

சாப்பாட்டு நேரத்தில் எங்கள் ஆட்கள் கேரம் விளையாடுவார்கள். ஒருநாள் கேரம் பவுடர் தீர்ந்துவிட்டது. கடைக்குப் போகச் சோம்பல்பட்டு வெள்ளை மருந்தில் ஒரு சிட்டிகை எடுத்து போர்டில் தூவினார்கள். காய் வழுக்கிக்கொண்டு ஓடியது. எல்லோருக்கும் சந்தோஷம். அக்கா வந்து பார்த்தார். போர்டை நிமிர்த்திக் காய்களை எல்லாம் கீழே கொட்டினார்.

"ஏக்கா, கேரம் பவுடரும் இந்த வகைதானாமே!"

"இருக்கட்டும். வெளையாடு, வேணாங்கல. வெளையாண்ட கையோட தூக்குச் சட்டியத் தொறந்து சோத்தப் பெசையிறியே, அதத்தான் வேணாங்கறேன்."

மருந்து விற்கிற கம்பெனி ஆள் ஒருத்தர் வருவார். டை கட்டியிருப்பார். "இது உப்பு மாதிரிங்கம்மா, ஒண்ணுமே பண்ணாது" என்று முதலாளி முன்னால் சொன்னார். அக்கா உள்ளே போய் ஒரு ஸ்பூனில் தூளை எடுத்து வந்து நீட்டினார். "அப்ப ஒரு ஸ்பூன் வாயில போடுங்க சார். நாங்களும் தகிரியமா வேல பாப்போம்." அவர் சிரித்தார். அக்கா சிரிக்கவில்லை. ஸ்பூனையும் இறக்கவில்லை. கடைசியில் அவரே மூட்டையில் அச்சடித்திருந்ததைத் தமிழில் வாசித்துச் சொல்ல வேண்டியதாயிற்று. தின்னக்கூடாது, தூசியை மூக்கில் இழுக்கக்கூடாது, கண்ணில் படக்கூடாது, குளத்திலும் வாய்க்காலிலும் கலக்கக்கூடாது, காலிப் பையை வேறு எதற்கும் புழங்கக்கூடாது, வயிற்றுப் பிள்ளைக்கு ஆகாது. அக்கா ஒரே தடவையில் மனப்பாடம் செய்துகொண்டார்.

அதற்கு முன்பே அவருக்குச் சந்தேகம். தொட்டி கழுவிய தண்ணீர் போகிற வழியில் ஒரு எலுமிச்சை நின்றது. அதன் இலைகள் ஓரம் கருகி, மஞ்சளாகி, உதிர்ந்து, மரமே மொட்டையாகிவிட்டது. "மனுசன் பொய் சொல்லுவான். எலுமிச்சைக்கு என்ன வந்துச்சு?" என்றார் முதலாளியிடம். அதற்குப் பிறகு கழுவிய தண்ணீர் தொட்டிக்குள்ளேயே திரும்பிப் போக ஏற்பாடு ஆனது.

இனி நான் செய்ததைச் சொல்ல வேண்டும்.

அந்த மூட்டைக்கு உள்ளே கண்ணாடி மாதிரி தெரிகிற கெட்டியான பிளாஸ்டிக் பை ஒன்று இருக்கும். கண்ணாடிப் பை என்போம். பார்த்தால் வீட்டுக்குக் கொண்டுபோகத் தோன்றும். அரிசி போடலாம், பருப்பு போடலாம். அதனால் அக்கா அந்தப் பையைத் தொட்டித் தண்ணீரில் அலசி, கத்தியால் மூன்றாகக் கிழித்த பிறகுதான் வீட்டுக்குக் கிளம்புவார். எத்தனை மூட்டை பிரித்தாரோ அத்தனை பை கிழிந்திருக்கும்.

சில வருடங்களுக்கு முன்பு ஆயுத பூஜை அன்று, லீவு நாளிலும் பலகை ஊறட்டும் என்று காலையிலேயே இரண்டு மூட்டை கரைத்தார். பிறகு பட்டறையைக் கழுவினோம். மெஷின்களுக்குச் சந்தனம், குங்குமம் வைத்தோம். "என் தொட்டிக்கும் ஒரு பொட்டு வைங்கப்பா. நான் வேதக்காரின்னா தொட்டியுமா வேதம்?" என்று கேட்டு வாங்கி வைத்தார். அவர் தங்கை குடும்பத்தோடு வீட்டுக்கு வந்திருந்ததால் பூஜை முடிவதற்குள் அவசரமாகக் கிளம்பிப் போய்விட்டார்.

பூஜை முடிந்ததும் முதலாளி பொரி, கடலை, வாழைப்பழம் கொடுத்தார். வரிசையில் நான் கடைசி. எனக்கு முன்னால் இருந்தவரோடு கேரி பை தீர்ந்துவிட்டது. முதலாளி போனில் பேசிக்கொண்டே, "எதையாச்சும் எடுத்துட்டு வாப்பா" என்றார். எல்லோரும் என்னையே பார்த்துக்கொண்டு நிற்பது மாதிரி இருந்தது. தொட்டிப் பக்கம் போனேன். ஆணியில் இரண்டு கண்ணாடிப் பைகள் அலசாமல், கிழிக்காமல் தொங்கின. ஒன்றை எடுத்தேன்.

அது எந்தப் பை என்று எனக்குத் தெரியாதா? தெரியும். உதறினேன். உள்பக்கத்தைத் துண்டால் துடைத்தேன். கண்ணுக்குச் சுத்தமாக இருந்தது. வெறுங்கையோடு போய் நிற்க வெட்கப்பட்டு அதில் பொரியை வாங்கிக்கொண்டேன்.

வீட்டில் என் மகள் இருந்தாள். வளைகாப்பு முடித்துத் தலைப்பிரசவத்துக்குக் கூட்டி வந்திருந்தோம். ஏழு மாதம். பொரி என்றால் அவளுக்குச் சின்ன வயதிலிருந்தே உயிர். என் மனைவி வழக்கம்போல அக்கம்பக்கம் மூன்று வீட்டுக்குக் கிண்ணத்தில் போட்டுக் கொடுத்தாள். மிச்சத்தை மகள் வைத்துக்கொண்டாள்.

விஜயதசமிக்கு மறுநாள் காலையில் மகள் இரண்டு தடவை வாந்தி எடுத்தாள். "புள்ளத்தாச்சி வாந்தி எடுக்காம, பின்ன நீங்களா எடுப்பீங்க? வேலைக்குக் கெளம்புங்க" என்றாள் மனைவி. கிளம்பினேன். வாசலில் செருப்பு மாட்டும்போது திரும்பிப் பார்த்தேன். மகள் பக்கத்தில் அந்தப் பை இருந்தது. சைக்கிள் மிதிக்கிற வழியெல்லாம் அந்தப் பைதான் கண்ணுக்குள் நின்றது.

பட்டறை வாசலில் தொட்டியக்கா நின்றிருந்தார். கையில் ஒரே ஒரு கண்ணாடிப் பை.

"ரெண்டு மூட்ட ஒடைச்சேன். ஒரு பைதான் தொங்குது. இன்னொன்ன யாரு எடுத்தது?"

அவர் கத்துவார் என்று காத்திருந்தோம். கத்தவில்லை. குரல் இறங்கியிருந்தது.

"கிழிக்காமப் போனது நான். தப்பு என் மேலதான். எடுத்தவங்கள ஒரு வார்த்த கேக்க மாட்டேன். எதுக்கு எடுத்தீங்க, அத மட்டும் சொல்லுங்கப்பா."

"குப்பையோட போயிருக்கும்க்கா, விடு" என்றார் மெஷின்காரர்.

அக்கா சரி என்கிற மாதிரி தலையை ஆட்டித் திரும்பினார். அவர் உள்ளே போய்விட்டால் அதோடு முடிந்துவிடும். யாருக்கும் தெரியப் போவதில்லை. ஆனால் என் வாய் திறந்துவிட்டது.

"நாந்தான்க்கா. பொரி வாங்கிட்டுப் போனேன்."

"யாரு தின்னா?"

"மக. ஏழு மாசம்."

அவர் என்னைத் திட்டவில்லை. மூட்டையில் மருந்தின் பெயர் அச்சடித்த இடத்தைக் கத்தியால் அறுத்து மடித்து இடுப்பில் செருகிக்கொண்டார். ரோட்டுக்கு ஓடி ஆட்டோவை மறித்து என்னையும் ஏற்றினார்.

வீட்டில் அந்தப் பையைக் கண்டதும் முதல் வேலையாக அதன் வாயை முறுக்கிச் சிவப்புத் துணியால் கட்டினார். பிறகு மகள் பக்கத்தில் உட்கார்ந்து, "எம்புட்டும்மா தின்ன?" என்று மெதுவாகக் கேட்டார்.

"ரெண்டு நாளுமாச் சேத்து அஞ்சாறு கை இருக்கும் அத்தை. இன்னைக்கு வெறும் வயித்துல ரெண்டு கை."

"வேற யாருக்குக் குடுத்தீங்க?"

மனைவி சொன்னாள். அக்கா என்னைப் பார்த்தார். "நானும் ஒம் பொண்டாட்டியும் புள்ளய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போறோம். நீ மூணு வீட்டுக்கும் போயி சொல்லிட்டு வா."

"அக்கா, நீங்களே ஒரு வார்த்த..."

"நீ குடுத்த பொரி. நீதான் சொல்லணும்."

ஆட்டோ போய்விட்டது. நான் தெருவில் நின்றேன். பன்னிரண்டு வருடம் குடியிருந்தும் அந்த மூன்று வீட்டுக் கதவையும் நான் தட்டியதில்லை.

முதல் வீட்டில் பஸ் டிரைவரின் மனைவி கதவைத் திறந்தார். "அந்தப் பொரியத் திங்க வேணாம்மா" என்றேன்.

"ஏண்ணே, நமுத்துப் போச்சா?"

எவ்வளவு சுலபமான பதிலை அவர் என் கையில் கொடுத்துவிட்டார்! ஆமாம் என்று சொல்லிக் கிண்ணத்தை வாங்கிக்கொண்டு வந்திருக்கலாம். ஆனால் யாராவது ஏற்கெனவே தின்றிருந்தால்? "இல்லம்மா. மரத்துக்குப் போடுற மருந்துப் பையில கொண்டாந்துட்டேன். யாராச்சும் தின்னுருந்தா ஆஸ்பத்திரிக்கு வரணும்" என்றேன். அவர் முகம் மாறியது. "அறிவு வேணாமாண்ணே?" என்றார். வேண்டும்தான் என்று நின்றேன். உள்ளே போய்க் கிண்ணத்தைக் கொண்டுவந்தார். கொடுத்தபடியே இருந்தது, தொடவில்லை.

இரண்டாவது வீடு பூட்டியிருந்தது. போன் போட்டேன். ஆயுத பூஜை அன்றைக்கே சேவுகம்பட்டிக்குப் போய்விட்டார்களாம். கிண்ணம் மூடியபடி சமையலறையில் இருக்கிறதாம்.

மூன்றாவது வீட்டில் தனியாக இருக்கிற பெரியவர். ஒரு கை தின்றுவிட்டேன் என்றார். விஷயத்தைச் சொன்னேன். "மரத்துக்குப் போடுற மருந்தா? அப்ப இனிமே என்னையக் கரையான் அரிக்காதுன்னு சொல்லு." அவரையும் ஒரு ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போனேன்.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா அக்கா கொடுத்த மூட்டைத் துண்டை வைத்துக்கொண்டு யாரிடமோ போனில் பேசினார். பிறகு, "பையில எவ்வளவு தூள் இருந்தது?" என்று கேட்டார். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். உதறியது, துடைத்தது, மடிப்பில் ஒட்டியிருந்தது எல்லாவற்றையும் சொன்னேன்.

"இந்த அளவுக்குப் பெருசா எதுவும் ஆகாது. உள்ள போனது மூத்திரத்தில போயிரும். ஆனாலும் மாசமா இருக்காங்க. ரத்தம் பாத்துருவோம், குழந்தையையும் பாத்துருவோம். சாயங்காலம் வரைக்கும் இருக்கட்டும்" என்றார். போகிறபோது திரும்பி, "சொன்னது நல்லதாப் போச்சு. சொல்லலைன்னா சாதாரண வாந்தின்னு ஊசி போட்டு அனுப்பியிருப்பேன்" என்றார்.

வெளியே பெஞ்சில் அக்காவும் நானும் உட்கார்ந்திருந்தோம். பட்டறையையே அதட்டுகிற அக்கா, முந்தானை நுனியைச் சுருட்டுவதும் பிரிப்பதுமாக இருந்தார்.

"ஒரு நிமிசம் ஆயிருக்கும் தம்பி கிழிக்க. தங்கச்சி வந்துட்டாளேன்னு ஓடிட்டேன்."

"எடுத்தது நாந்தானேக்கா."

"தொங்கவிட்டது யாரு?"

அவர் கேட்டது என்னை இல்லை.

நாலு மணி சுமாருக்குக் கூப்பிட்டார்கள். மகள் வயிற்றில் ஒரு கருவியை வைத்திருந்தார்கள். தூரத்தில் இழைப்பு மெஷின் ஓடுகிற மாதிரி, நிற்காமல், ஒரே சீராகச் சத்தம் வந்தது. குழந்தையின் துடிப்பு. ரத்தத்திலும் குறையில்லை. வெறும் வயிற்றில் பொரியும் கடலையும் தின்று வந்த பித்த வாந்தி என்றார் டாக்டரம்மா. மகள் சிரித்தாள். என் மனைவி அழுதாள். நான் சுவரோடு சாய்ந்துகொண்டேன்.

"எனக்கும் ஒண்ணுமில்லையா? அப்ப ஒரு டீயாச்சும் வாங்கிக் குடுங்கப்பா" என்றார் பெரியவர்.

டீக்கடையில் கிளாசை எடுக்கக் கை நீட்டினேன். அக்கா என் மணிக்கட்டில் ஒரு தட்டுத் தட்டினார். "காலைல இருந்து அந்தப் பொரிக் கிண்ணத்தையெல்லாம் தூக்கிட்டு அலைஞ்ச கை. போயி கழுவிட்டு வா." கடை முழுக்கத் திரும்பிப் பார்த்தது. அன்றைக்கு எனக்குக் காது சூடாகவில்லை.

மார்கழி கடைசியில் பேத்தி பிறந்தாள். மூன்று கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு, நல்ல குரல். அக்கா பார்க்க வந்தார். எங்கள் குழாயடியில் முழங்கை வரைக்கும் சோப்புப் போட்டு, ஜெபத்தை ஒன்றுக்கு மூன்று தடவை சொல்லிக் கழுவிவிட்டுத்தான் குழந்தையை வாங்கினார். விரல்களை ஒவ்வொன்றாகத் தொட்டு எண்ணினார். இரண்டாவது தடவையும் எண்ணினார். பிறகுதான் உட்கார்ந்தார்.

இரண்டு வருடம் கழித்து மூட்டு வலி என்று வேலையை விட்டு, கொடைரோட்டில் மகன் வீட்டுக்குப் போய்விட்டார். போகிற அன்று மிச்சமிருந்த சிவப்புச் சேலையைச் சுருட்டி என்னிடம் கொடுத்தார். ஏன் எனக்கு என்று கேட்கவில்லை. இப்போது தொட்டி என் பொறுப்பு. எனக்கு அவரைப் போல அதட்ட வராது. பைகளை எண்ணுவேன், அலசுவேன், கிழிப்பேன். ஒன்று குறைந்தால் வாசலில் போய் நின்றுகொள்வேன். கிடைக்கிறவரை யாரும் வீட்டுக்குப் போக வழி விடமாட்டேன். சத்தம் போடுகிற அக்காவே தேவலை என்கிறார் மெஷின்காரர்.

பேத்தி இப்போது பள்ளிக்கூடம் போகிறாள். என்னைப் பார்த்து அவளும் கை கழுவும்போது மரியே ஜெபத்தைச் சொல்கிறாள். போன வாரம் அபிராமி அம்மன் கோயில் குழாயடியில் நின்று சத்தமாகச் சொல்லியிருக்கிறாள். பக்கத்தில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்களாம். "ஒழுங்காக் கை கழுவுதேன்னு சந்தோசப்படுறதா, என்ன செய்யிறது?" என்கிறாள் என் மனைவி.

இன்றைக்குப் பொரி வாங்க வீட்டிலிருந்தே துணிப்பை கொண்டுபோனேன். மகளும் பேத்தியும் உள்ளே உட்கார்ந்து தின்றுகொண்டிருக்கிறார்கள். பேத்தி கடலையை மட்டும் பொறுக்குகிறாள் என்று மகள் சண்டை போடுகிறாள். எனக்கும் ஒரு கிண்ணம் வைத்திருக்கிறார்கள். இதை முடித்துவிட்டு, கை கழுவிவிட்டுப் போக வேண்டும்.

திண்டுக்கல்,
புரட்டாசி 25, வெள்ளிக்கிழமை, ஆயுத பூஜை.